பத்தைக் கழித்தால்

குஸ்கோக்விம் உறைந்ததும்
அதன்மேல் முதலில் நடக்கிறவன் நான்.
துளைப்பான், அளவுகோல்,
முதுகில் ஒரு கட்டு வில்லோக் குச்சி.
கால் மைலுக்கு ஒரு துளை.
பன்னிரண்டு அங்குலம் என்றால் வண்டி போகலாம்;
நான்கு என்றால் குச்சியை நட்டுவிட்டுத் திரும்புவேன்.
மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளைதான்.

அப்படிப்பட்ட நான்தான் நர்ஸிடம் கேட்டேன்,
"வலியே இல்லையே, எதற்கு?"

அவள் அண்ணனின் வயதைக் கேட்டாள்.
இறந்த வயது இல்லை, கண்டுபிடித்த வயது.
ஐம்பத்திரண்டு.
"பத்தைக் கழியுங்கள்" என்றாள்.
கழித்தேன்.
நான் நின்றுகொண்டிருந்தேன் அந்த எண்ணில்.

எவோனுக்கும் வலி இருக்கவில்லை.
பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டான்,
பிறகு இன்னொன்று.
மீன் குறைவான வருஷம், எல்லோரும்தான் இளைத்தோம்.

எங்கள் ஊரில் கழிப்பறை என்பது ஒரு வாளி.
ஆகவே முதல் நாளே
எட்டுப் பேர் போகும் விமானத்தில் பெத்தேலுக்குப் பறந்து
சித்தி மகள் நஸ்தாசியா வீட்டில் இறங்கினேன்.
அவள் அடுப்பில் கடமான் சூப்.
எனக்கு வெந்நீர், ஆப்பிள் சாறு,
ஒரு பெரிய குடுவை மருந்து.
எலுமிச்சை என்று எழுதியிருந்தது.
எலுமிச்சையைக் கண்டிராத யாரோ எழுதியிருக்கவேண்டும்.

ஆறு மணிக்கு வீடே கோட்டை மாட்டிக்கொண்டது:
"பள்ளியில் கூடைப்பந்து. நாங்கள் எல்லோரும் போகிறோம்."
இரண்டு வயதுப் பயலும் போனான்.
எண்பது தாண்டிய மாமனாரையும் கைத்தாங்கலாக இறக்கினார்கள்,
பந்தென்றால் என்னவென்றே கேட்காதவர்.
அப்போதுதான் புரிந்தது,
ஒரு கழிப்பறையை எனக்குத் தானமாகத் தந்து
பனியில் போகிறார்கள் என்று.

தண்ணீர் அங்கே லாரியில் வருவது.
தொட்டி காலியானால் வியாழன்வரை இல்லை.
ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கணக்கு வைத்தேன்:
பதினேழு.
காலையில் பணம் நீட்டினேன்.
"வெட்கங்கெட்டவனே" என்றாள் நஸ்தாசியா,
கையைத் தட்டிவிட்டு.

மேஜையில் பக்கவாட்டில் படுக்கவைத்தார்கள்.
கை நரம்பில் ஏதோ குளிர்ந்தது.
அரைத்தூக்கத்தில் ஒரு திரை தெரிந்தது:
ஈரமான, வெளிச்சம் போட்ட, இளஞ்சிவப்புக் குகை,
வளைவு, அதன்பின் இன்னொரு வளைவு.
யாரும் முன்னால் போகாத வழி.
ஒரு இடத்தில் டாக்டர் நின்றார்.
நானும் நின்றிருப்பேன்.

"இரண்டு முளை இருந்தது," என்றார் பிறகு,
"ஒன்று கிரான்பெர்ரிப் பழம் அளவு.
எடுத்துவிட்டோம். புற்றாகியிருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்,
ஆய்வகம் சொல்லும்.
மூன்று வருஷத்தில் மறுபடி வாருங்கள்."
எத்தனை நாளாக இருந்தது என்று கேட்டேன்.
தோளைக் குலுக்கினார். சில வருஷம்.
எவோனின் குழிக்கு நெருப்பு மூட்டி
மண் இளக்கிய அன்றைக்கும்
அது என்னோடு குனிந்து நிமிர்ந்திருக்கிறது.

ஆய்வகத்திலிருந்து வந்த தாளை மடித்துச் சட்டையில் வைத்துக்கொண்டு
நால்வருக்குப் போன் செய்தேன்.
ஒருவன் சரி என்றான், சொல்லும் விதத்திலேயே தெரிந்தது.
ஒருவன் கெட்ட ஜோக் ஒன்று சொன்னான்.
ஒருத்தி அழுதாள்.
ஒலிங்கா, ஐம்பதாகப் போகிறவள்,
"எனக்கு வேலை இருக்கிறது" என்று வைத்துவிட்டாள்.

நான் என்ன செய்ய.
மறுநாள் ஆற்றுக்குப் போனேன்.
வளைவில் நான்கரை அங்குலம்.
குச்சி நட்டேன்.
நட்ட குச்சியைச் சுற்றிக்கொண்டு போவதும்
இடித்துக்கொண்டு போவதும்
வண்டிக்காரன் பாடு.

இரவு பதினொன்றுக்கு மணி அடித்தது.
ஒலிங்கா.
வணக்கம் இல்லை, நலம் இல்லை.
"அந்த மருந்து
ரொம்ப மோசமா?"

"மோசம்தான்" என்றேன்.
"வெளியே பனியில் புதைத்துவை. குளிர்ந்தால் இறங்கும்."

அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.